தனகோடி தாண்டாத மஞ்சள் கோடு

மந்தாரக்குப்பத்து தனகோடிக்கு ஐம்பது வயது. பதினோரு வருடமாக பக்கத்து டவுன்ஷிப் ஆய்வுக்கூடம் ஒன்றில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை. பல பேர் பகிர்ந்துகொள்ளும் லேப் அது. ஈரத் தரையில் செருப்போடு நடந்தவன் யாரானாலும் அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. அப்பேர்ப்பட்டவள் மூன்று வாரமாக ஓர் அறையைக் கண்டாலே நடுங்கினாள்.

அங்கே ரசாயனங்களைச் சோதிக்கும் என்.எம்.ஆர். என்றொரு புது மிஷின் வந்திருந்தது. மேசைமேல் அடங்கிவிடும் பெட்டிதான். ஆனால் உள்ளே இருப்பது பொல்லாத காந்தம். சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு ஒட்டி, கதவில் தமிழிலேயே எழுதியிருந்தார்கள்: உடம்புக்குள் பேஸ்மேக்கர், உலோகக் கிளிப் எது வைத்திருந்தாலும் கோட்டைத் தாண்டாதீர்கள்.

தனகோடியின் நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இருந்தது. போன வருடம் புதுச்சேரியில் வைத்தது. அம்மை போட்டிருக்கிறது என்று புளுகித்தான் லீவு எடுத்தாள். தெரிந்தால் மெடிக்கல் அன்ஃபிட் என்று கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்களே! குடும்பமே அவள் வேலையை நம்பித்தான் இருந்தது. ஆகவே கோட்டுக்கு வெளியிலேயே துடைத்துவிட்டு, மிஷினையும் துடைத்ததாகத் தாளில் டிக் அடித்து வந்தாள்.

ஆயுத பூஜை வந்து தொலைத்தது. தராசிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது வருடா வருடம் தனகோடிதான். கைராசிக்காரி என்று பேர்.

"புது மிஷினுக்குத்தான் முதல் பொட்டு. வாங்கக்கா" என்றாள் லேப் பொறுப்பாளர் உமாராணி. மிஷினை ஒட்டி டெக்னீஷியன் மருதாசலம் பழத் தட்டோடு நின்றார். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் வைத்திலிங்கமும் வந்திருந்தார்.

குங்குமக் கிண்ணத்தோடு வந்தவள் கோட்டருகே நின்றுவிட்டாள். தாண்டினால் உயிர் போகும், திரும்பினால் வேலை போகும்.

"இன்னா தனகோடி, நின்னுக்கினே இருக்கற? போ" என்றார் வைத்திலிங்கம்.

"என்னால ஆவாதுங்க. நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிக்கினு இருக்கறேன்." சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

உமாராணிக்கு முகம் வெளிறிப்போனது. "ஐயோ, மூணு வாரமா இதைத் துடைச்சீங்களே!"

"தொடைக்கலைங்க மேடம். பயந்துக்கினு டிக்கு மட்டும் போட்டேன்."

உமாராணி பெட்டிமேல் விரலால் இழுத்துப் பார்த்தாள். சாம்பல் தூசி அப்பிக் கிடந்தது. "நல்லவேளை! மிஷின்ல வேலை செய்யறவங்க எல்லார்கிட்டயும் உடம்புக்குள்ள எதுவும் வைக்கலைன்னு ஃபார்ம் வாங்கினேன். கூட்டித் துடைக்கிறவங்களைக் கேக்கணும்னு தோணலையே எனக்கு!"

வைத்திலிங்கம் போனை எடுத்தார். "மறைச்சது தப்பு மேடம். நாளையிலேர்ந்து வேற ஆள் வரும்."

"அனுப்பாதீங்க. உண்மையைச் சொன்னவங்க வேலை போச்சுன்னா அடுத்து வர்றவங்களும் மறைப்பாங்க. அப்புறம் இங்க ஒரு உயிர் போகும். அக்கா இங்கேயே இருக்கட்டும், இந்த ரூமை மட்டும் வேற ஆள் பார்க்கட்டும். நானே எழுதித் தர்றேன்."

வைத்திலிங்கம் முணுமுணுத்தபடி போனைப் பையில் போட்டார்.

மருதாசலம் தட்டைக் கீழே வைத்தார். அந்தப் பெட்டிமேல் குனிந்து சாம்பிள் போட்ட கண்ணாடிக் குழாயை உள்ளே இறக்குவது தினமும் அவர்தான்.

"மேடம், அந்த ஃபார்ம்ல நான் பொய் எழுதிட்டேன். எனக்கு மூளையில ஆபரேஷன் ஆகி, உள்ள கிளிப் இருக்கு."

தனகோடி கிண்ணத்தைப் போட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மொதல்ல கோட்ட வுட்டு வெளிய வாங்க சார்!"