இரண்டாவது கியரும் காதர் பாயின் பொய்யும்

காதர் பாய் மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தபோது நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். உடனே எழுந்து வரவில்லை. கையிலிருந்த நட்டை முழுக்க முடுக்கிவிட்டுத்தான் வந்தேன். பாதியில் விட்டு வந்திருந்தால், கிடத்தியிருந்த இடத்திலிருந்து அவரே எழுந்து திட்டியிருப்பார்.

நம் மெக்கானிக் சங்கத்தின் அஞ்சலி மலருக்கு எழுதக் கேட்டார்கள். 'தங்கமான மனிதர்' என்று எழுத ஒரு கூட்டமே வரிசையில் நிற்கிறது. அவர் இருந்தவரை அவர் பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் அவர்கள். எதிர்ப் பட்டறைக்காரனாகிய எனக்கு அந்தப் பாசாங்கு வராது. சாலையின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகப் பல வருடம் கியர் பாக்ஸ் பிரித்தோம். அவருக்கு என்மேல் மரியாதை கிடையாது. எனக்கும் அவர்மேல் கிடையாது. தருமபுரியில் இது எல்லோருக்கும் தெரியும்.

அவர் யாரைத்தான் மதித்தார்? பொம்மிடியிலிருந்து ஒருவர் பழைய காரோடு வந்து, கியர் லீவரை அறுத்துக் குட்டையாக்கினால் கியர் சட்டென்று விழுமாமே என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பாய் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "அந்தப் போன்லயே வண்டியும் ஓட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என்னைப் பற்றி அவர் ஊரெல்லாம் சொல்லிவந்தது வேறு. "சத்தத்தக் கேக்கறவன் மெக்கானிக்கு. சாமான மாத்தறவன் கடைக்காரன். மாதையன் நல்ல கடைக்காரன்." வாடிக்கையாளர்களே இதை என்னிடம் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள்.

இனி, நான் எழுத வந்த விஷயம். பென்னாகரத்தில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் பூங்கொடியை உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பெங்களூரில் வாங்கி வந்தார். இரண்டாவது கியர் போட்டால் கர்ரென்று கத்தியது. என்னிடம் கொண்டுவந்தார். பாக்ஸைப் பிரித்து, பல்லோடு பல் சேருமுன் வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையங்களை மாற்றினேன். லீவருக்கு அடியில் தேய்ந்துபோன புஷ்களையும் மாற்றினேன். நல்ல வேலை. நானே ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. ஆனால் டாக்டர் வாங்கிக்கொண்டு போன மறுநாளே பழையபடி கத்தியது.

மறுபடி பிரித்தேன், பூட்டினேன். என் காலுக்கு வழுக்கிக்கொண்டு விழுந்த கியர் அவர் காலுக்குக் கத்தியது. மூன்றாம் முறையும் அதேதான். இன்னார் ஓட்டினால் நன்றாக இருக்கிறது, இன்னார் ஓட்டினால் கத்துகிறது என்றால் குற்றம் யார் பேரில்? அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு, பட்டறையில் நாலு பேர் கேட்க நான் தீர்ப்புச் சொன்னேன். "வண்டில ஒண்ணுமில்லீங்கம்மா. உங்க கைதான் சரியில்ல. இதெல்லாம் ஆம்பள வண்டிங்க." அந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். டாக்டர் சாவியை வாங்கிக்கொண்டு எதிர்ப் பட்டறைக்குப் போனார்.

பாய் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். குனிந்து பார்த்தார். அரைமணி நேரத்தில் ஒரு ரப்பர் மேட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்து, என் மேஜைமேல் போட்டார். என் பட்டறைப் பெயர் அச்சடித்த மேட். மற்றவர்கள் காலண்டர் கொடுப்பார்கள், பெரிய வேலை முடிந்தால் நான் மேட் கொடுப்பேன். மெத்தை மாதிரி தடிமனாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் செய்தது. அந்தத் தாழ்வான காரில் கிளட்ச் பெடல் அதன்மேல் முட்டிப் பாதியில் நின்றிருக்கிறது. கிளட்ச் முழுக்க இறங்காமல் கியர் எப்படி விழும்? வண்டி உள்ளே வந்ததும் கிரீஸ் படாமல் இருக்க முதலில் மேட்டை எடுத்துவிடுவது என் வழக்கம். சாவி கொடுக்கும்போதுதான் திரும்ப விரிப்பேன். நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் மேட் இல்லாமல்.

"மூணு தடவ பிரிச்சயே மாதையா, ஒருதடவ குனிஞ்சு பாத்தியா?" என்று கேட்டார். டாக்டரிடம் சொல்லிவிட்டாரா என்று மட்டும் கேட்டேன். "சொல்லல. உனக்காவ இல்ல. உன்னக் காட்டிக் குடுத்தா, இந்த ஊருல கியர் பாக்ஸ் பிரிக்கறவனெல்லாம் மடையன்னு பேராயிரும். அதுல நானும் ஒருத்தன்." உள்ளே சின்ன அட்ஜஸ்ட்மென்ட் செய்ததாகவும், மற்றது கை பழகினால் சரியாகிவிடும் என்றும் டாக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கமில்லாமல் அதையும் எழுதுகிறேன்.

ஜனாஸா புறப்படுவதற்கு முன் அவர் வீட்டு வாசலில் டாக்டரைப் பார்த்தேன். பஸ்ஸில் வந்திருந்தார். கார் எங்கே என்றேன். விற்கப் போகிறாராம். "நீங்க ரெண்டு பேரும் சொன்னது சரிதாங்க. வண்டி இப்பக் கத்தறதில்ல, ஆனாலும் எனக்குக் கை வரல. தொப்பூர் எறக்கத்துல ரெண்டாவது கியருக்கு மாத்தவே பயமா இருக்குது. அம்மா வூட்டுக்கு சேலம் போறதுகூட பஸ்லதான்." பாய் பெரிய மனுஷர், முகத்துக்கு நேரே குறை சொல்லவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த இடத்திலும் வாயைத் திறக்கவில்லை. மையவாடியில் மூன்று பிடி மண் போடும்போது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது, அவர்மேலும் என்மேலும்.

எல்லோரையும் இளக்காரம் செய்த மனிதர், தொழிலின் மானத்தைக் காக்க ஒரு பெண்ணின் கைமேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பழியை முதலில் போட்டவன் நான். ஆகவே காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் என்மேல் கொண்ட இளக்காரத்தை மட்டும்தான். அது எனக்குத் தகும். அவர் சொன்ன பொய்யை என்னால் வைத்துக்கொள்ள முடியாது.

டாக்டரம்மா, மலர் உங்கள் கைக்கும் வரும். உங்கள் கை முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது. வண்டியை விற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குத் தொப்பூர் வழியாகவே போங்கள், இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.