பஜனையில் நான் பாடிய கிறிஸ்துமஸ் மெட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்தாறு மார்கழிகளாக யோசித்துவிட்டேன். நெற்றியில் நாமம் இல்லாமல் வேலைக்குப் போகாதவன் நான். அப்படிப்பட்டவன் தனக்குப் பிடித்த பாட்டு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான். படிப்பும் எட்டாவதோடு சரி. தப்பிருந்தால் பெருமாளும் நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில், பஜனை கோயில் இருக்கும் தெருவில். வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன சர்ச். டிசம்பர் பிறந்தால் வாசல் பக்கம் பெருமாள் பாட்டு, பின்பக்கம் ஏசு பாட்டு, நடுவில் நான் பல் துலக்கிக்கொண்டிருப்பேன்.

பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். சீரியல் பல்போடு சேர்ந்து ஒரு சின்னப் பெட்டி கீச்சுக் கீச்சென்று பாடுமே, அது. ஒரு பாட்டை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவிவிடும். அதே பாட்டைத் தெருமுனைக் கார்க்காரர் ரிவர்ஸ் எடுக்கும்போதும் கேட்கலாம். அவருக்குச் சித்திரை மாதத்திலும் கிறிஸ்துமஸ்தான். ஒரே தடவையில் உள்ளே விடவும் வராது, ஏழெட்டு முறை முன்னே பின்னே போவார். அதற்கடுத்தது, புத்தாண்டுக்கு அடுக்குமாடியில் போடும் இங்கிலீஷ் பாட்டு. முதல் வரி மட்டும் எல்லோருக்கும் தெரியும், மீதிக்கு லல்லல்லாதான்.

பிடித்தது, சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் பாடும் ஒரு தாலாட்டு. மாட்டுக் கொட்டகையில் பிறந்த குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு. மாடுகூட மெதுவாக அசை போடுகிற மாதிரி இருக்கும். அது கேட்டால் வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிடுவேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சிறுநீரகத்தில் கல். பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நிற்க முடியாமல் வளைந்துபோனேன். ஆபரேஷன் இல்லாமல் கல் போய்விட்டால் என் கையாலேயே ஒரு பாட்டு எழுதி மார்கழி பஜனையில் பாடுகிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். கல் போய்விட்டது. பாட்டு பாக்கி.

வார்த்தை மூன்று நாளில் வந்தது. 'கல்லைக் கரைத்த பெருமாளே, கண்ணைத் திறந்து பாரய்யா' என்று ஆரம்பம். மெட்டுதான் வரவில்லை. ஒரு நாள் குளிக்கும்போது தானாக இறங்கியது. பெருமாளே கொடுத்துவிட்டார் என்று ஈரத்துண்டோடு நின்று அழுதேன். குளியலறை பின்பக்கம் இருக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலை பஜனை கிளம்பியது. டோலக் தட்டுவது என் மச்சினன். ஜால்ரா நான். இரண்டாவது தெரு திரும்பியதும் கண்ணை மூடிக்கொண்டு என் பாட்டை எடுத்தேன். பின்னால் கூட்டம் பிரமாதமாகச் சேர்ந்து பாடுவது கேட்டது. இத்தனை பேர் நம் பஜனைக்கு ஏது என்று சந்தோஷமாக இருந்தது. மச்சினன்தான் முழங்கையால் இடித்தான்.

"மாமே, கண்ணத் தொற. ஊடு ஊடா லைட்டப் போட்டுக்கினு வராங்க. இது அவங்க பாட்டு மாமே."

திறந்தேன். மூன்று வீட்டு வாசலில் ஆட்கள். எங்களை வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்தவர்கள் என்று நினைத்து, அந்தத் தாலாட்டை அவர்கள் வார்த்தையில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாதியில் நிறுத்துவது சாமி குத்தம் என்பதால் நானும் கல்லை முழுதாகக் கரைத்துத்தான் நிறுத்தினேன். சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் அம்மா ஒரு துண்டு கேக்கை என் கையில் வைத்த பிறகுதான் நாமத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீங்களா?" என்றார்கள்.

நான்தான் என்றேன். வேறென்ன சொல்வது. முட்டை போட்ட கேக், நானோ மார்கழி விரதம். கீழே வைக்கவும் மனசில்லை. ஒரு கையில் கேக் இருந்தால் ஜால்ரா எப்படித் தட்டுவது? மீதித் தெருவெல்லாம் ஜால்ரா இல்லாமலே போனோம். வீட்டில் என் மனைவி, சுண்டலுக்குப் பதில் இப்போது இதுதான் கொடுக்கிறார்களா என்று கேட்டாள்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மச்சினன் விடவில்லை. "மெட்டு அவங்களது, அப்ப வேண்டுதல் பாதி தான் ஆச்சு. கல்லு திரும்ப வந்துச்சுன்னா என்னக் கேக்காத" என்றான். அந்த நிமிஷமே இடுப்பில் சுருக்கென்றது. அன்று ஒரு குடம் தண்ணீர் குடித்திருப்பேன்.

சாயந்திரம் கோயிலில் பூஜை செய்கிறவரிடம் ஓடினேன். என்னைவிட இருபது வயது சின்னவர். பாடிக்காட்டச் சொல்லி முழுதும் கேட்டார்.

"நம்ம பஜனையில பாதிப் பாட்டு சினிமா மெட்டு. அதுக்கெல்லாம் யாருக்கும் இடுப்பு வலிக்கல. உங்க மனசு ஆறலன்னா, யாரு மெட்டோ அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு பாடுங்கண்ணே."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றேன். அந்த அம்மா பிள்ளைகளுக்கு ஒத்திகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல், வேண்டுதல், குளியலறை எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிரித்தன.

"மெட்டு இன்னா என் ஊட்டு சொத்தாண்ணே? தாராளமா பாடுங்க. ஆனா ரெண்டாவது அடியில நீங்க பள்ளத்துல எறங்குறீங்க. அங்க மேல ஏறணும்."

ஏறினேன். ஏறவில்லை என்றார்கள். பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, பெருமாள் பேரைச் சொல்லியே பத்துப் பன்னிரண்டு முறை ஏறிப் பார்த்தேன். கடைசியில் ஒரு பொடிசு கட்டை விரலை உயர்த்தியதும் விட்டார்கள்.

மறுநாள் பஜனையில் அதே இடத்தில் பாடினேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. இரண்டாவது அடியில் மேலே ஏறும்போது அந்த வாசலில் நின்ற அம்மா தலையாட்டினார்கள். இடுப்பு வலி அங்கேயே விட்டது. இன்றுவரை வரவில்லை. வேண்டுதலை முழுதாகத் தீர்த்தேன் என்று எனக்குத் தெரியும்.

இதைப் பிறரிடம் சொல்ல விரும்புகிறவர்கள் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். பட்டறைகள் இருக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் டீக்கடையில் நான் சிவப்புக் குல்லா போட்டு ஆடினதாகச் சொல்கிறார்கள். ஆவடியில் என் சம்பந்தி வீடு வரைக்கும் கல் எலுமிச்சம்பழம் அளவு என்று போயிருக்கிறது. குல்லா போடவில்லை. கல் மிளகு அளவுதான்.