சுவரில் முதுகு காட்டி நிற்கும் கோல்கீப்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக மனதுக்குள் போராடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆடியிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்ததும் இந்த முறை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு கை வராது. நான் எட்டாவது வரைதான் படித்தவள், பிழை இருக்குமோ என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தடை, சொல்லாதே என்று என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்ட வாக்கு. இப்போது அவரே விட்டுவிட்டார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

விஷயம் ஒரு கால்பந்து கிளப்பைப் பற்றியது. இன்றைக்கு அது பெரிய கிளப். சம்பளம் வாங்கி ஆடுகிற ஆட்டக்காரர்கள், வெளிநாட்டுக் கோச், டிவியில் ஆட்டம், அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் பைக்குக்குப் பைக் மஞ்சள் ஸ்டிக்கர். ஆனால் அது பிறந்தது ஆவடியில், நாங்கள் குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மைதானத்தில். ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பந்து உதைத்துத் தொடங்கிய டீம் அது. லேத் பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர்தான் கோல்கீப்பர்.

ரிட்டயர் ஆன பிறகு நெமிலிச்சேரியில் சின்னதாக வீடு கட்டி வந்துவிட்டோம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு நீள மதில் இருக்கிறது. ரசிகர் மன்றத்துக்காரர்கள் அதில் கிளப்பின் வரலாறு என்று படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் நெஞ்சை நிமிர்த்தி வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் மணிக்கட்டில் எல்லாம் மஞ்சள் கயிறு. பதினோராவது ஆள் கோல்கீப்பர் உடையில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். அவன் கையில் கயிறு இல்லை. கீழே கொட்டை எழுத்தில், ‘பத்துப் பேர் பணியவில்லை.’

அந்த முதுகு என் வீட்டுக்காரருடையது. ஒரு கட்டுக் கீரை வாங்கப் போனாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் போக வேண்டும்.

இவர்கள் சொல்லும் கதை இது. முன்னொரு காலத்தில் லீக் நடத்துகிறவர்கள் ஃபேக்டரித் தொழிலாளிகள் என்று எங்கள் டீமைக் கேவலமாகப் பேசினார்களாம். ரோஷம் வந்து பத்துப் பேர் கையில் மஞ்சள் கயிறு கட்டி, ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். கோல்கீப்பர் மட்டும் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் லீக் ஆட்கள் காலில் விழுந்தானாம். அதனால்தான் இன்றைக்கு மஞ்சள் ஜெர்சி. அதனால்தான் கடையில் மஞ்சள் ரப்பர் வளையம் விற்கிறார்கள். இன்றைக்கு ஆடும் கோல்கீப்பர் பந்தைக் கோட்டைவிட்டால் கேலரி முழுக்க, “கயிறு எங்கடா? கயிறு எங்கடா?” என்று கத்துகிறது. எந்தக் கயிறு, யார் கையில் இருந்தது என்று கத்துகிற ஒருவருக்கும் தெரியாது. இவர் டிவி முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு பொரி தின்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அடப் பாவிகளா, அது போராட்டக் கயிறு இல்லை. அம்மன் காப்பு!

குவார்ட்டர்ஸ் அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். டீம் ஆட்கள்தான் கரகத்துக்கு முன்னால் போவது வழக்கம், அதனால் பதினோரு பேரும் சேர்ந்து கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை ரயில்வே கேட். அந்த வருடம் மழையால் தள்ளிப்போன ஒரு ஆட்டத்தைத் திருவிழாவுக்கு நடுவில் பட்டணத்து மைதானத்தில் வைத்துவிட்டார்கள். தகவல் வந்தபோது பதினோரு கையிலும் மஞ்சள் ஏறியிருந்தது. யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. மழை பெய்தது, அவ்வளவுதான்.

ஆட்டத்தன்று காலையில் எல்லோரும் தண்ணீர்த் தொட்டியடியில் கூடிவிட்டார்கள். நான் பொங்கல் பானை கழுவிக்கொண்டிருந்தேன். பேச்சு எல்லாம் காதில் விழுந்தது.

“இன்னாடா பண்றது இப்போ? யாருமே போவலன்னா லீக்லேருந்து டீம் பேரையே அடிச்சிருவானுங்கோ.”

“ஆத்தா காப்பு கட்டிக்கினு கேட்டைத் தாண்டுவியா நீ? ஊட்ல புள்ளகுட்டி கீது மாமே.”

“ஒருத்தனாவது நேர்ல போயி காரணம் சொன்னா பாயிண்டு மட்டும்தான் போவும். பேர் தப்பிச்சிரும்.”

“அப்போ நீ போ.”

“நான் ஏன் போறேன்? நீ போ!”

கடைசியில் ஒருவரும் போவதாக இல்லை. கலைந்து, கேட்டுக்கு இந்தப் பக்கம் மர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் கோயிலுக்கு வந்தார். நான் பானையோடு பின்னாலேயே போனேன். பூசாரியிடம் இவர் விஷயத்தைச் சொன்னார். பூசாரி எங்களைவிட மூத்தவர். அம்மனுக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டார். பிறகு இவர் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தார்.

“நான் கட்டுனது, நானே அவுக்கறேன் நைனா. ஆத்தா கால்லயே கெடக்கட்டும். விளக்கு வெக்கறதுக்குள்ள வந்து கட்டிக்கோ. வெளிய மூச்சு வுடாதே. எல்லாரும் வந்து நின்னா, எல்லாத்தையும் அவுத்துட்டு நான் திருவிழாவுக்கு இன்னா பண்ணுவேன்?”

இவர் பயந்து போயிருந்தார். திருநீற்றை இரண்டு முறை கேட்டு வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். கோல்கீப்பர் உடையை மாட்டிக்கொண்டு, மர நிழலில் இருந்தவர்கள் கண்ணில் படாமல் சுற்றுவழியில் போய் ரயில் ஏறினார். இல்லாவிட்டால் டீம் ஆள் என்று நம்பமாட்டார்களாம். அங்கே இவர் ஒற்றை ஆளாகப் போய் நின்றதைப் பார்த்து எதிர் டீம் சிரித்திருக்கிறது. லீக் ஆட்கள் காரணத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, பாயிண்டு கிடையாது, பேர் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். யார் காலிலும் யாரும் விழவில்லை.

திரும்பி வரும்போது ரயில் தாமதம். கேட்டைத் தாண்டி ஓடி வந்தவரைப் பத்துப் பேரும் பார்த்துவிட்டார்கள்.

“டேய், காப்பு எங்கடா? கயிறு எங்கடா?”

நின்று பதில் சொல்ல நேரம் இல்லை, இருட்டிக்கொண்டு வந்தது. நிற்காமல் கோயிலுக்கு ஓடினார். விளக்கு ஏற்றுவதற்குச் சற்று முன்னால் பூசாரி மறுபடி கட்டிவிட்டார். ஆனால் ‘பதில் சொல்லாமல் ஓடினான்’ என்பது மட்டும் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. தெய்வக் குற்றம் செய்தவன் என்று அதற்கப்புறம் இவரைக் கோல் பக்கமே விடவில்லை.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? மாட்டேன் என்றார். போன பாயிண்டால் டீம் மேல் டிவிஷனுக்குப் போக முடியாமல் எல்லோரும் வெறியில் இருந்தார்கள். காப்பை அவிழ்க்க முடியும் என்று தெரிந்தால், எங்களுக்கு ஏன் அவிழ்க்கவில்லை என்று பூசாரி மேல் பாய்வார்கள். கோயில் கமிட்டி முழுக்க ஆட்டக்காரர்களின் அப்பா, மாமாதான். பூசாரிக்குக் கோயில் பின்னால் இருந்த ஒற்றை அறையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. “அந்த மனுசன் என்னை நம்பி அவுத்தாரு. அவர் இருக்கற வரைக்கும் வாயத் தொறக்காதே” என்றார் இவர். பூசாரி நிறைவாழ்வு வாழ்ந்து, சென்ற மாசியில் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பத்துப் பேர் மேல்தான் எனக்கு ஆற்றாமை. அவர்களில் சிலருக்கு இன்று மைதானத்தில் சால்வை போர்த்துகிறார்கள். போராட்டம் என்று எவனோ எழுதியபோது இவர்கள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சாமிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தோம் என்று சொல்ல என்ன வெட்கம்? ரோஷத்தைவிட அது குறைச்சலா?

போன மாதம் மதிலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார் ரசிகர் மன்றச் செயலாளர். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, ஐடி வேலை, வானகரத்தில் ஃபிளாட். நான் நின்று பார்ப்பதைக் கண்டு கிட்டே வந்தார்.

“என்னம்மா, ஏரியாவுக்குப் புதுசா? இது பெரிய ஹிஸ்டரிம்மா. சொல்றேன், கேளுங்க.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து இந்தப் பக்கந்தான்யா கீறேன்” என்றேன். “அந்த முதுகுக்கு நான்தான் சோறு போடறேன்.”

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. அங்கேயே நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை கண் கலங்கி, “எங்களை மன்னிச்சிருங்கம்மா, இன்னைக்கே மாத்திருதோம்” என்றது. நல்ல பிள்ளைதான். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மாற்றினார்கள். எப்படித் தெரியுமா? ஆகாயத்திலிருந்து அம்மனே இறங்கி வந்து இவர் காப்பை அவிழ்க்கிறாள். இவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். பத்துப் பேர் மூலையில் தலை குனிந்து நிற்கிறார்கள். பூசாரியைக் காணவே காணோம். கனவில் அம்மன் வந்து உத்தரவு கொடுத்ததாக வாட்ஸ்அப்பில் கதை வேறு சுற்றுகிறது. அன்றைக்கு ஒற்றை ஆளாகவே ஆடி, எதிர் டீமின் பெனால்டியை இவர் தடுத்தாராம்!

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இவருக்குக் காட்டினேன். மதிலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“இதுக்கு அந்த முதுகே தேவலை மே.”

“இன்னாங்க இப்டிச் சொல்றீங்க?”

“பின்ன இன்னா? அவுத்தது அவரு. அவர எங்க வரைஞ்சிருக்கான்? அவருக்காகத்தானே இத்தினி வருசம் வாய மூடிக்கினு இருந்தேன்?”

நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார்: “எழுதறதுன்னா நீயே எழுது. முழுசா எழுது. என்னைப் பெரிய ஆளா ஆக்காதே.”

அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், பிறருக்குச் சொல்வதானால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். கனவைச் சேர்க்காதீர்கள், பெனால்டியைச் சேர்க்காதீர்கள். இவர் பயப்படவில்லை என்று சொல்லாதீர்கள், பயந்தார். பத்துப் பேரைக் கெட்டவர்கள் என்றும் சொல்லாதீர்கள், அவர்கள் ஆத்தாளுக்குக் கட்டுப்பட்டார்கள். பூசாரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் அவிழ்த்தார், இவர் போனார், விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்தார். நடந்தது இவ்வளவுதான்.