மாமா கையால் சுற்றிய கச்சேரி

போர்க்காலத்தில் நறுவிலிக்குளத்தில் மாமி வீட்டு விறாந்தையில் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். அதன் டைனமோவிலிருந்து வந்த வயர்கள் மேசையிலிருந்த கசற் ரேடியோவுக்குப் போகும். ஊரில் மின்சாரமில்லை, பற்றரி கண்ணில் காணக் கிடைக்காது. ஆனாலும் கோயில் திருவிழாக்களிலிருந்து வானொலி நேரடியாக ஒலிபரப்பும் நாதஸ்வரக் கச்சேரிகளைக் கசற்றில் பதியாமல் மாமி விட்டதில்லை. அவர் என் அப்பாவின் தங்கை. வயலால் வந்த மாமா, சேற்றுக் காலோடு மர வாங்கில் உட்கார்ந்து, சைக்கிள் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருப்பார். அவருக்குச் சங்கீதத்தில் பெரிய நாட்டமில்லை. மாமி கேட்டார், அவர் சுற்றினார், அவ்வளவுதான்.

போர் முடிந்தபின் நான் அடம்பனில் ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டேன். மாமியின் கசற்றுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நாதஸ்வரப் பிரியர்கள் கூடியிருந்த வாட்ஸ்அப் குழு ஒன்றில் பகிர்ந்து வந்தோம். எங்கெங்கோ இருந்தெல்லாம் நன்றி வரும். ஒரு கசற்றை மட்டும் மாமி என்னிடம் தரவேயில்லை. அதைப் பதிந்த அன்று மாமாவுக்குக் காய்ச்சல். கை ஓய்ந்த இடங்களில் நாடா மெதுவாக ஓடியிருந்ததால், இப்போது போட்டால் அங்கெல்லாம் வாசிப்பு விறுவிறென்று ஓடும், சுருதியும் ஏறிவிடும்.

கடந்த ஆண்டு வவுனியாவிலிருந்து ஒரு பெண் குழுவில் எழுதியிருந்தார். மாமி தராமல் வைத்திருந்த அதே கச்சேரியில் இரண்டாவது நாதஸ்வரம் வாசித்தவர் அவருடைய அப்பா. இடம்பெயர்வில் வீட்டிலிருந்த பதிவுகளெல்லாம் போய்விட்டன, அப்பாவும் இல்லை, யாரிடமாவது அவர் வாசிப்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் மாமியின் முகம் வாடிவிட்டது.

"இதைக் குடுத்தால், தகப்பன் இப்பிடித்தான் வாசிச்சவர் எண்டெல்லோ அந்தப் பிள்ளை நினைக்கும்? அது அந்த மனுசனுக்குச் செய்யிற அநியாயம்" என்றார்.

சாய்மனைக் கதிரையில் கிடந்த மாமா, "அவர் பிழையா வாசிக்கேல்லை, நான்தான் பிழையாச் சுத்தினனான் எண்டு சொல்லி அனுப்புமன்" என்றார்.

மாமி அப்படியே செய்தார். கச்சேரிக்கு முன்னால் தன் குரலிலேயே பேசிப் பதிந்தார். "பிள்ளை, இதில வேகம் மாறுற இடமெல்லாம் காய்ச்சலோட சைக்கிள் டைனமோவைச் சுத்தின என்ர வீட்டுக்காரரின்ர கை ஓய்ஞ்ச இடம். உங்கட அப்பாவின்ர வாசிப்பில ஒரு குறையும் இல்லை." அனுப்பியபின்னும் அவருக்கு மனம் ஆறவில்லை. பதில் வந்ததா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் அங்கிருந்த ஒரு மாலையில்தான் அழைப்பு வந்தது. "அப்பா வாசிக்கத் தொடங்க முன்னம் செருமுவார், அம்மா. அந்தச் செருமலைக் கேட்ட உடனேயே அவர்தான் எண்டு தெரிஞ்சிட்டுது" என்றார் அந்தப் பெண். பிறகு, சுற்றியவரோடு கதைக்க வேண்டும் என்றார். மாமா தயங்கித் தயங்கி போனை வாங்கினார்.

"ஐயா, காய்ச்சலோட சுத்தினனீங்களாமே. கை நல்லா நொந்திருக்குமே?"

"அது அப்பவே மாறிட்டுது, பிள்ளை" என்றார் மாமா. "உங்கட அப்பா எப்பிடி வாசிச்சவர்? எனக்குச் சைக்கிள் சங்கிலிச் சத்தம்தான் கேட்டது."

மாமி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அத்தனை கச்சேரிகளையும் தன்னோடிருந்து கேட்டவர் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தார். போன் வைக்கப்பட்டதும் உள்ளே போய், ஒரு கதிரையைத் தூக்கிவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டார். அந்தக் கச்சேரியைப் போடச் சொன்னார். நான் போட்டேன். இது இன்ன ராகம், இப்போது வாசிப்பவர் அந்தப் பிள்ளையின் தகப்பன், இனித் தவில் தனியாக வரும் என்று மாமி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் மாமி ஆவலோடு கேட்டார்: "எப்பிடி இருந்தது?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. "இன்னொருக்காப் போடச் சொல்லும். இந்த முறை நீர் கதையாமல் இரும்."