ஒரு தரம்தான் கேட்பார்கள்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒரு மொழிப்பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் எல்லாம் இந்தியக் கிளைகளோடு தினமும் போனில் பேசவேண்டிய ஜெர்மன் கம்பெனிக்காரர்கள். அதனால் இலக்கணம் கொஞ்சம், இந்தியர்களைப் புரிந்துகொள்வது எப்படி என்பது நிறைய. "எங்கள் ஆட்கள் முதல் தடவை வேண்டாம் என்றால் நம்பிவிடாதீர்கள், இன்னொரு தரம் கேளுங்கள். நீங்களோ சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவர்கள்" என்று போர்டில் அம்புக்குறியெல்லாம் போட்டு விளக்குவேன். பெரிய மேதாவி!

எனக்கு மணிக்கணக்குச் சம்பளம். கோடை விடுமுறை வந்தால் வகுப்பும் கிடையாது, சம்பளமும் கிடையாது. இந்தியப் பயிற்சிகளுக்கென்று நிரந்தரமாக ஒரு பொறுப்பாளரைப் போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனசுக்குள் மேஜையைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன், ஜன்னலோரமாக.

பள்ளியை நடத்திய ஜெர்மன் பெண்மணி ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். வாய் தானாகத் திறந்தது. "ஐயையோ, நான் எதற்கு? என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்களே!" சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் தலையாட்டினார். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்று கைகுலுக்கி அனுப்பிவைத்தார்.

படியிறங்கும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. திரும்பிப் போய் எனக்கு வேண்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வெட்கம் பிடுங்கித் தின்றது, போகவில்லை. மறுநாள் வகுப்பில் அதே அம்புக்குறியைப் போட்டபோது காதெல்லாம் சுட்டது. மாணவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

வேலை, என்னோடு பாடம் எடுத்துக்கொண்டிருந்த எசன் நகரத்துப் பெண்ணுக்குப் போனது. பெற்றோர் யாழ்ப்பாணம், அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த நாட்டில்தான். காப்பி அறையில் தனியாக நின்றிருந்த என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்கள் வேண்டாமெண்டு சொன்னபடியாத்தான் நான் ஓமெண்டனான். இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. உண்மையாவே உங்களுக்கு வேண்டாமோ?"

நான் காத்துக் கிடந்த இரண்டாவது கேள்வி. அதுவும் தமிழில்.

"சேச்சே, நிஜமாவே வேண்டாம்மா. நீ நல்லா பண்ணுவே" என்றேன்.

"அப்பாடா, இப்பத்தான் அக்கா எனக்கு நிம்மதி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெர்மனியில் வளர்ந்த பெண். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.