தானாகவே எண்ணெய் குடித்த செயின்

அந்த அடுக்குமாடியில் அவருக்கு ஆட்டோமேட்டிக் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன்பு தன் மோட்டார் சைக்கிளில் தன் கையாலேயே ஒரு கருவியை மாட்டினார் மனிதர். சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன எண்ணெய் டப்பா, அதிலிருந்து பின்சக்கரம் வரை மெல்லிய குழாய். வண்டி ஓடும்போது செயின்மீது சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழும், யாரும் குனியவே வேண்டாம். அன்றுமுதல் லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொண்டவர்களின் கதி அதோகதிதான். "மாட்டின நாள்லேருந்து இந்தச் செயினை ஒரு கை தொட்டதில்ல சார்" என்று ஆரம்பித்தால் மூன்றாம் மாடிவரை நிறுத்தமாட்டார்.

ஒரு கை வாராவாரம் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அது அவர் மனைவியின் கை.

அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷின், அதைச் சுற்றி பள்ளிக்கூடச் சீருடையும் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டும் குவிந்து கிடக்கும். சத்தத்தை வைத்தே மெஷினில் எந்த மூலை காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கருவி மாட்டிய மூன்றாவது வாரம் அவர் பின்னால் உட்கார்ந்து போகும்போது செயின் கீச் கீச்சென்று அழுதது அவளுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. கருவியின் பெருமையைப் பேசிக்கொண்டே அல்லவா ஓட்டினார்!

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் வாழ்நாளில் எதை உருப்படியாக முடித்திருக்கிறார்? குளியலறை அலமாரிக்கு ஒரு பலகை அடித்தார், மறுபலகை இன்னும் கட்டிலுக்கு அடியில். வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் அதே பழைய பழுப்பு. அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "என்ன மாப்ளே, இப்ப எதைப் பாதியில விட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். அப்படிப்பட்டவர் முழுதாக முடித்த ஒரே வேலை இந்தக் கருவி. மாட்டிய அன்று அவளை ஏற்றிக்கொண்டு தெருவை மூன்று சுற்று சுற்றினார். அப்போது அவர் முகத்தில் இருந்த களை கல்யாணத்தன்றுகூட இல்லை. அந்த முகத்தில் கரியைப் பூச அவளுக்கு மனம் வரவில்லை. அவர்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம், அதுதான் விஷயம்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் குறட்டை விட ஆரம்பித்ததும், தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். இந்த ஒரு வாரம் மட்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஏழு வருடம் ஓடிவிட்டது.

அவர் மாதாமாதம் பார்த்துப் பார்த்து ஊற்றிய சிவப்பு எண்ணெய் என்ன ஆயிற்று என்றால், டப்பாவுக்குக் கீழேயே வெடித்திருந்த குழாய் வழியாகப் பாதி பின்னால் உட்காரும் அவள் துணியிலும் பாதி தரையிலும் சேர்ந்தது. "செயினுக்கு வயிறு ரொம்பிடுச்சு, மிச்சத்தைத் துப்புது" என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். அவள் துணியைத் துவைத்தாள்.

தரை எண்ணெயில் ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் காலை வைத்தார். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஆகவே விழுந்ததும் விதிமுறைப்படியே விழுந்தார்: எழுந்த கையோடு நோட்டீஸ் எழுதி ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கருவியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வண்டி தெருவில்தான் நிற்க வேண்டும்.

நோட்டீஸைப் படித்ததும் இனி துணி தப்பித்தது என்று அவளுக்கு முதலில் சந்தோஷம். அடுத்த நிமிடமே இன்னொன்று உறைத்தது. கழற்றினால் குழாயைப் பார்ப்பார். பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

"என்னங்க, மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே. உங்களுக்கு எதுக்கு இந்த அழுக்கு வேலை?"

"நல்லா இருக்கே! மாட்டினவனுக்குக் கழட்டத் தெரியாதா?"

ஞாயிறு காலை ஒரு மணைக்கட்டையைப் போட்டு வண்டி பக்கத்தில் உட்கார்ந்தார். செயலாளர் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மேற்பார்வைக்கு வந்து நின்றார். அவருக்கும் பாடம் நடந்தது. "இந்தச் சின்ன டியூபு வேற சார், வண்டி ஓடுறப்ப மட்டும் எண்ணெயைத் திறந்துவிட இன்ஜின்லேருந்து வருது. இதைப் பிடுங்கினா அந்த ஓட்டைக்கு ரப்பர் மூடி போட்டே ஆகணும். இல்லேன்னா இன்ஜின் காத்தை இழுத்துக்கிட்டுக் காட்டுக்கத்து கத்தும்." மூடியைப் போட்டார். குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். டப்பாவைக் கழற்றினார். கடைசியில் குழாயை உருவினார்.

டீ டம்ளரோடு வந்த அவள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள்.

குழாயின் மேல்பக்கம் விரிசல். கீழ்ப்பக்கம் சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. வாயில் வைத்து ஊதினார், கன்னம்தான் உப்பியது. பிறகு மெதுவாகச் செயினைத் தொட்டார். ஈரம். விரலைத் தேய்த்துப் பார்த்தார்: சிவப்பே இல்லை. மோந்து பார்த்தார். இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஏதோ சிக்கியிருந்தது, நகத்தால் பிடுங்கினார். ஒரு துணுக்குப் பச்சை நூல். அந்த மாதம் முழுக்க அவள் தைத்தது பச்சைச் சீருடை.

அவர் நிமிர்ந்து படியைப் பார்த்தார். அவள் டீயைப் பார்த்தாள்.

"ஏன் சார், இனிமே செயினுக்கு யாரு எண்ணெய் விடுவா?" என்றார் செயலாளர், சும்மா இருக்கமாட்டாமல்.

"அதுக்குப் பழகிப்போச்சு சார். அது பாட்டுக்கு நடக்கும்." நூலை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டீயை வாங்கிக் குடித்துவிட்டு மேலே போனார். அந்த வாரம் முழுக்க லிஃப்ட் அமைதியாக ஏறி இறங்கியது. "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு பேர் அவளிடம் விசாரித்தார்கள். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் கண்ணை மூடிப் படுத்ததும், பழக்க தோஷத்தில் மெஷின் பக்கம் போய்க் கையை நீட்டினாள். குப்பியைக் காணோம். கீழே போய்ப் பார்த்தாள். செயின் துடைத்து, எண்ணெய் விட்டு, பளபளவென்று இருந்தது.

திரும்ப மேலே வந்தபோது கட்டிலில் ஆள் இல்லை. முன்னறையில், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அவளுடைய மெஷினில் கண்ணில் பட்ட ஓட்டையில் எல்லாம் அவர் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த மெஷினை யாரையும் தொடவிட்டதில்லை அவள்.

"பதினோரு ஓட்டை" என்றார், பெருமையாக. "ஒண்ணு விடாம முடிச்சுட்டேன். இனிமே வாராவாரம் நானே பாத்துக்கறேன், நீ குனியவே வேண்டாம்."

ஊசிக்கு அடியில், மறுநாள் கொடுக்க வேண்டிய வெள்ளைக் கோட்டு. அதன் நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. வேறு யாராவது செய்திருந்தால் அந்த மாடியே கேட்கும்படி கத்தியிருப்பாள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தெருவை மூன்று சுற்று சுற்றிய அதே முகம்.

மெஷினைக் காலால் நாலு மிதி மிதித்துப் பார்த்தாள்.

"நல்லா ஓடுதுங்க" என்றாள். கோட்டை உருவிச் சுருட்டி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, குழாயடிக்குப் போனாள்.