தூக்குவாளியில் ஒரு மரம்

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அடிவாரத்தில் நர்சரி வைத்திருக்கும் ஓர் அம்மா. ஒடிசலான உடம்பு, நகக்கண்ணெல்லாம் செம்மண். மடியில் ஒரு தூக்குவாளி. வளைவுக்கு வளைவு மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பாதி மலையில் ரேடியேட்டர் ஒழுகி வண்டி நின்றுவிட்டது. யானை நடமாடும் இடம். கண்டக்டர் தண்ணீர் கேட்டதும் எல்லோரும் பாட்டிலை நீட்டினோம். அந்த அம்மா மட்டும் தன் பாட்டிலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, இன்னும் பத்தல, குடுங்க. ஆனை வந்துச்சுன்னா இங்கன எல்லாரும் மாட்டிக்கிருவோம்" என்றார் கண்டக்டர்.

"வாளிக்குள்ள மரக்கொட்டை இருக்கு தம்பி. வருசம் பூரா பச்சையா நிக்கிற மரம். மேல எஸ்டேட்ல மிஞ்சுனது ஒத்த மரந்தான். இது காஞ்சுட்டா முளைக்காது."

"அப்ப நாங்க இங்கனயே கெடக்கவா?" என்று பின் சீட்டில் ஒருவர் கத்தினார். எனக்கும் எரிச்சல்தான்.

மூங்கில் புதரில் ஏதோ சடசடவென்று ஒடிந்தது. அந்த அம்மா துணி நனையும் அளவுக்கு வாளிக்குள் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தார். வண்டி கிளம்பியது.

சின்னமனூரில் இறங்கும்போதுதான் கவனித்தேன், அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. வழியெல்லாம் ஒரு வாய்கூட அவர் குடிக்கவில்லை. கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். கையில் வாங்கியதும் தூக்குவாளியின் மூடியைத் திறந்தார்.

"தாகமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கே" என்றபடி, துணியில்தான் முதலில் ஊற்றினார்.